குழாய் இருக்கும்வரை

ராசிங்காபுரத்தில் மேலவீடு, கீழவீடு என்று இரண்டு வீடுகள். இரண்டும் ஒரே பாட்டனின் வழி வந்தவை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் இரண்டு வீட்டுக்கும் ஏலத்தோட்டம் உண்டு. நடுவில் ஓடுகிற ஓடைதான் எல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. விவரம் தெரியாதவர்கள் ஏதோ நிலத்தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். நிலத்துக்காகச் சண்டை போடுகிற அளவுக்கு மேலவீட்டார் தரம் தாழ்ந்தவர்கள் அல்லர். சண்டை ஒரு வாழை இலையால் வந்தது.

தேவாரத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியின் முதல் இலையில் மேலவீட்டுப் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தார். பந்தியில் மூத்தவர் இலையை மடித்த பிறகுதான் மற்றவர்கள் எழவேண்டும். அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, அவரைவிட இளைய பங்காளியான கீழவீட்டுக் கன்னையன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கேட்டதற்கு, "ஜீப்பு லோடோட நிக்குது, சோலி கிடக்கு" என்றான். இத்தனை பேர் பார்க்கச் சொன்னான். பெரியகருப்பன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அடுத்த வெள்ளிக்கிழமை குலதெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்தார். மேலவீட்டில் பிறந்த ஒரு வாயும் கீழவீட்டுச் சோற்றிலோ தண்ணீரிலோ நனையாது, நனைந்த வாய் விளங்காது. வார்த்தைகளை அவரே யோசித்து அமைத்திருந்தார். பூசாரிகூட, வக்கீல் எழுதினது மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்.

செய்தி கன்னையனுக்குப் போனபோது அவன் சொன்ன பதில், "நல்லதுதான், தண்ணி மிச்சம்" என்பது.

சத்தியம் என்றால் சும்மா இல்லை. அதைக் காப்பாற்றப் பாடுபடவேண்டும். உறவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் இரண்டு பந்தி போட்டார்கள். ஓடைத் தண்ணீர் கன்னையன் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்பதால், மேலவீட்டுத் தோட்டத்தில் பாறையை உடைத்துத் தனியாகக் கிணறு வெட்டினார்கள். மலைச்சரிவில் கிணறு வெட்டியவர் பெரியகருப்பன் ஒருவர்தான். அது வெயில் காலத்தில் வற்றிவிடும். அப்போது தோட்டத்து ஆட்கள் அவர் கண்ணில் படாமல் ஓடையில்தான் மொண்டார்கள். அவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். குடும்ப கௌரவம் என்பது பாதிக்குப் பாதி, எந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான்.

இந்த நிலையில், மழை பொய்த்து மலையெங்கும் ஏலச்செடி கருகிய எண்பத்து மூன்றாம் வருஷம், அவருடைய மருமகள் சந்திரவல்லிக்கு ஏழாம் மாதத்திலேயே பேறுகாலம் வந்தது.

பெரியகருப்பனுக்கு ஒரே மகன் சோலைமலை. அவன் மனைவி சந்திரவல்லிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது தங்கிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, தோட்டத்து வீட்டில் அவளுக்குக் கால் வீங்கி, தலைவலி வந்து, கடைசியில் ஜன்னியும் வந்துவிட்டது. ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கி, போடியில் டாக்டர் தவசியின் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். உயிருக்குப் போராடித்தான் பெற்றாள். ஆண் குழந்தை. ஒன்றேகால் கிலோ.

பெரியகருப்பன் தன் தங்கை சுருளியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் சீனித் தண்ணீர். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும். சேனை வைப்பது என்பார்கள். மேலவீட்டில் மூன்று தலைமுறையாக அந்த வீட்டின் மூத்த ஆண்தான் சேனை வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த வீட்டில் யாரும் வளைந்து கொடுப்பதில்லை.

உள்ளே ஒரு மரப்பெட்டி. அதன் மூடியில் நான்கு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்கு வைக்கிற மாதிரிப் பெட்டி. பஞ்சுக்கு நடுவில் சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, அவர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக மேலவீட்டு வாரிசு கிடந்தது. தோல் வழியாக நரம்பு தெரிந்தது. விலா எலும்பு மேலும் கீழும் ஓடியது.

"இதுவா?" என்றார் பெரியகருப்பன்.

"இதேதான்" என்றாள் சுருளியம்மாள். "நல்லாப் பாருண்ணே. முறைக்குது. நம்ம வீட்டுப் பிள்ளைதான்."

அவர் கிண்ணத்தில் விரலை நனைப்பதற்குள் டாக்டர் தவசி குறுக்கே கையை நீட்டினார். தேவாரத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன். மதுரையில் படித்துவிட்டு வந்தவர். நாற்பதுகூட ஆகவில்லை.

"சீனித்தண்ணி வேண்டாம், பெரியவரே. வாய்ல எதுவும் வைக்கக்கூடாது. இதுக்கு உறிஞ்சவும் தெரியாது, முழுங்கவும் தெரியாது. தாய் வயித்துல இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா அதெல்லாம் கத்துக்கிட்டு வந்திருக்கும்."

"சேனை வைக்காம எங்க வீட்டுல ஒரு பிள்ளை வளர்ந்ததில்ல."

"பிழைக்கட்டும். அப்புறம் வளக்கலாம்."

மேலவீட்டுப் பெரியகருப்பனிடம் ஒருவர் இப்படிப் பேசி, பேசியவர் இன்னும் நின்றுகொண்டிருப்பது அதுவே முதல் தடவை. கிண்ணத்தைச் சுருளியம்மாள் வாங்கிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து, வீணாகப் போகவேண்டாம் என்று அவளே குடித்துவிட்டாள்.

டாக்டர் அவரை வெளியே கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னார். இப்படிப் பிறந்த குழந்தைக்கு உடம்பில் இருப்பு என்று எதுவும் இல்லை. கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை. ஊசி வழியாக குளுக்கோஸ் ஏறுகிறது, ஆனால் குளுக்கோஸ் மட்டும் போதாது. முன்பெல்லாம் இந்த மாதிரிக் குழந்தைகளை முதல் இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு வைப்பார்கள், புரையேறிவிடும் என்ற பயத்தில். அது தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வெட்டு, அதாவது வலிப்பு, வரும், மூளை கெடும், வேலை இல்லாத குடல் வேலையை மறந்துபோகும். எனவே இன்றைக்கே, கொஞ்சம் கொஞ்சமாக, பேனாவுக்கு மை போடுகிற அளவு பால் உள்ளே போயாக வேண்டும். சந்திரவல்லி மயக்க மருந்தில் கிடக்கிறாள். அவளிடம் பால் இல்லை.

"அம்புட்டுத்தானே" என்றார் பெரியகருப்பன். "வீட்டுல ரெண்டு கறவை நிக்குது. வெரசா ஆள் அனுப்புறேன்."

"மாட்டுப்பால் ஆகாது. குடல் வெந்துபோகும்."

"டின் பால் வாங்கிக்கிருவோம். எது உசத்தியோ அது."

"அதுவும் இந்தக் குடலுக்கு ஆகாது. தாய்ப்பால்தான் வேணும். அதுலயும் புதுசாப் பெத்தவளோட சீம்பாலா இருந்தா நல்லது."

பெரியகருப்பன் யோசித்தார். பொட்டிபுரத்தில் சுருளியம்மாளின் மகளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அதற்குப் பல் முளைத்துவிட்டது என்றாள் சுருளியம்மாள். அது வேறு பால் ஆகிவிட்டது, கிடைத்தால் அதுவும் பரவாயில்லை, ஆனால் பொட்டிபுரத்திலிருந்து தினமும் எத்தனை தடவை கொண்டுவருவீர்கள் என்றார் டாக்டர். பிறகு தற்செயலாகச் சொல்வதுபோல, "இங்கேயே ஒரு பொண்ணு இருக்கு. நேத்துப் பெத்தது. அதும் பிள்ளை குடிச்சது போக அவ்வளவு பால். அந்த வீட்டு ஆளுக சீம்பால் ஆகாதுன்னு பீச்சிக் கீழ கொட்டிக்கிட்டிருந்தாங்க. நான்தான் போய்ச் சத்தம் போட்டேன்" என்றார்.

"எந்த ஊரு?"

"உங்க ஊருதான். அன்னக்கொடின்னு பேரு. கன்னையன் மருமக."

சுருளியம்மாள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"வேற ஆளு பாருங்க" என்றார் பெரியகருப்பன்.

"வேற ஆளு இல்ல."

"அவங்க கொட்டுறதை எம் பேரன் குடிக்கணுமா?"

"கொட்டவிடாமத்தான் நிறுத்தியாச்சே."

சத்தியத்தைப் பற்றி டாக்டருக்குத் தெரிந்திருந்தது. அவர் தேவாரத்துக்காரர். அந்தக் காதுகுத்தில் பரிமாறியவர்களில் ஒருவர் அவருடைய சித்தப்பா. ஆனாலும் அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. "ஒரு தடவை வெட்டு வந்து நின்னிருக்கு" என்றார்.

பெரியகருப்பன் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாட்சியை விசாரிக்கிறவர் மாதிரி டாக்டரின் எதிரே நின்றார்.

"பாலை எப்படிக் குடுப்பீக?"

"மெல்லிசா ஒரு குழாய். மூக்கு வழியா விட்டு நேரே இரைப்பைக்கு."

"நாக்குல படுமா?"

"படாது."

"உதடு நனையுமா?"

"நனையாது. புரையேறுமோன்னு பயப்படாதீங்க."

"புரையைப் பத்தி நான் கேக்கல. வாய்க்குள்ள ஒரு சொட்டுக்கூட படாதுன்னு சொல்றீக."

"படாது."

"திருப்பிச் சொல்லுங்க."

"படாது, பெரியவரே."

"அண்ணே, ஹைகோர்ட்டுல கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாக" என்றாள் சுருளியம்மாள். "அங்க பிள்ளைக்கு உசுரு இழுத்துக்கிட்டிருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தியத்தை மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். ஒரு வாயும் என்று இருந்தது. மூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. சோறு என்று இருந்தது, தண்ணீர் என்று இருந்தது. அன்றைக்கு அவ்வளவு கவனமாக வார்த்தையை அமைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"மூடி போட்டுக் கொண்டுவரணும். யார் குடுத்ததுன்னு எங்காதுல விழக்கூடாது. கேட்டா மருந்துன்னு சொல்லணும்."

"மருந்துதான்" என்றார் டாக்டர்.

அடுத்த அறையில் அன்னக்கொடி கொதிக்கவைத்த கிண்ணத்தில் பாலைப் பீச்சிக்கொண்டே சுருளியம்மாளிடம் சொன்னது பெரியகருப்பனின் காதில் விழத்தான் செய்தது. "எனக்கு மாரு கட்டிக்கிட்டு உசுரு போகுது சின்னம்மா. இவுக சத்தியம் பேசிக்கிட்டு இருக்காக. கொண்டுபோங்க, எம்புட்டு வேணும்னாலும் கொண்டுபோங்க." அவர் கேட்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

மலையாளத்து நர்ஸ் ஒருத்தி ஊசிக்குழலைத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு கோடு குழாயில் இறங்கி மூக்குக்குள் மறைந்தது. பெரியகருப்பன் குனிந்து பேரனின் வாயை மட்டும் பார்த்தார். உதடு காய்ந்து, நன்றாக மூடி, மேலவீட்டு மரியாதை குலையாமல் இருந்தது.

கூடத்தில் ஒரே ஒரு நீள பெஞ்சுதான் இருந்தது. ஒரு முனையில் பெரியகருப்பன் உட்கார்ந்தார். மருமகளைப் பார்க்க வந்த கன்னையன் மறுமுனையில் உட்கார்ந்தான். நடுவில் சுருளியம்மாள். அவள் இரண்டு வீட்டுக்கும் பிறந்த பெண் மாதிரி, எனவே இரண்டு பக்கத்துக்கும் அவள் வழியாகத்தான் பேச்சு நடந்தது. மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

"சுருளியக்கா, அந்தப் பெட்டியில கிடக்குற பிள்ளைக்கு எடை ஏறிச்சான்னு கேளு."

"பிள்ளைன்னா இறங்கித்தான் ஏறும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லு" என்றார் பெரியகருப்பன்.

"கேட்டுச்சா கன்னையா?"

"கேக்கலையே. என்ன சொன்னாரு?"

சுருளியம்மாள் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு இதில் அலுப்பே வரவில்லை. வாக்கப்பட்டுப் போன தேவாரத்தில் அவளுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

கன்னையனுக்கும் மனசாட்சி இருந்தது. மேலவீட்டுக்கு நம் வீட்டிலிருந்து பால் போகிறதே என்று அவன் மகன் கேட்டபோது, "நம்ம வீட்டுல இருந்து எங்கடா போகுது? ஆஸ்பத்திரியில இருந்துல்ல போகுது" என்று பதில் சொல்லியிருந்தான். இரண்டு பங்காளிகளும் ஒரே பாட்டனின் வழி என்பது பொய்யில்லை.

எடை முதலில் இறங்கியது. ஏலக்காயைப் பச்சையாக எடுத்துக் காயவைத்தால் எப்படி எடை போகும் என்று பெரியகருப்பனுக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு நாளும் இப்படிச் சாப்பிடாமல் இருந்ததில்லை. டாக்டர் அன்னக்கொடியை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, பாலைச் சிறுகச் சிறுகக் கூட்டினார். குடல் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு காலை எடை இறங்காமல் நின்றது. அதற்கடுத்த காலை தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது. பெரியகருப்பன் தராசை நம்பாமல் மறுபடி போடச் சொன்னார். நர்ஸ், "அப்பூப்பா, இது ஏலக்கா மண்டி இல்லா" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டாள். அதேதான் காட்டியது.

அன்றைக்கு அவர் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தபோது முதுகு இன்னும் நேராக இருந்தது.

"மேலவீட்டு ரத்தம் சும்மாவா. ஒண்ணேகால் கிலோவா இருந்தாலும் எதிர்த்து நிக்குது" என்றார், யாரிடமும் அல்லாமல்.

"சுருளியக்கா" என்றான் கன்னையன். "ரத்தம் அங்கனதான். எடை ஏறுனது எதுலன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

"மருந்துல ஏறுச்சுன்னு சொல்லு."

"எங்க வீட்டு மருந்து அம்புட்டு நல்லதான்னு கேளு."

சுருளியம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் காப்பி குடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று எழுந்துபோனாள். அவள் போன பிறகு நடுவில் ஆள் இல்லாததால் பேச்சும் நின்றுபோயிற்று.

குழந்தை தேறிக்கொண்டே வந்தது. சந்திரவல்லிக்கும் ஜன்னி தெளிந்து, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் பால் சொட்டுச் சொட்டாக ஊறத் தொடங்கியிருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் டாக்டர் தவசி சிரித்த முகத்தோடு வந்து பெரியகருப்பனின் தலையில் இடியைப் போட்டார்.

"நல்ல சேதி, பெரியவரே. பையன் விரலைச் சப்புறான். முழுங்கப் பழகிட்டான். குழாயை எடுத்துரலாம். இனிமே பாலாடைச் சங்குல வாய் வழியாவே குடுக்கலாம்."

பெரியகருப்பன் பேரனின் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"குழாயே இருக்கட்டும்" என்றார்.

"எதுக்கு?"

"நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு. நல்லாப் போறதை எதுக்கு மாத்தணும்?"

"மூக்குல புண்ணு வந்திருச்சு. பச்சைப்பிள்ளை மூக்கு வழியாத்தான் மூச்சு விடும், ஒரு பக்கத்தைக் குழாய் அடைச்சுக்கிட்டிருக்கு. சப்பத் தெரியுற நேரத்துல பழக்கலைன்னா அப்புறம் பழகாது. குழாய் வச்சது எடுக்குறதுக்குத்தான்."

"தாய்க்கு நிறையப் பால் ஊறுற வரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்கு இன்னும் நாளாகும்."

பெரியகருப்பன் தன் வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் இப்படி யோசித்ததில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்பச் சரி. தாய் பாலை வாயில குடுங்க. அந்த மருந்தை மட்டும் குழாயில விடுங்க."

டாக்டர் அவரையே பார்த்தார். "பெரியவரே, ஒண்ணேகால் கிலோ பிள்ளைக்குள்ளயுமா ரெண்டு பந்தி?"

குழந்தைக்கு நல்லது என்று சொன்ன எதையும் அவர் அதுவரை முழுதாகத் தடுத்ததில்லை. குழந்தை தேறட்டும் என்று குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்திருந்தார். அந்தக் குலதெய்வம்தான் சத்தியத்துக்கும் சாட்சி. வேண்டுதல் பலித்து அதனாலேயே சத்தியம் போகப்போகிறது. நனைந்த வாய் விளங்காது என்று சொன்னவர் அவர்தான். அந்த வாய் இப்போது மூக்கில் குழாயோடு தூக்கத்தில் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

சந்திரவல்லி எழுந்து நின்றாள். மாமனார் முன்னால் அவள் நின்று பேசியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"மாமா, நான் ரெண்டு பிள்ளையைப் பறிகுடுத்தவ. உங்க சத்தியத்துல மூணாவதையும் வைக்க மாட்டேன். சிஸ்டர், பாலாடையைக் கொண்டாங்க. நானே குடுக்குறேன்."

சோலைமலை அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் போய் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பெரியகருப்பனுக்கு அதில் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. இவர்கள் செய்யத்தான் போகிறார்கள். அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இன்னும் சிறிது நேரத்தில் அந்த வாய் நனையும். மேலவீட்டின் சத்தியத்தை மேலவீட்டின் கடைசிப் பிறப்பு, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காதது, உடைக்கும். அதன் பலனும் அதன் தலையிலேயே விழும். அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"பொறு" என்றார். "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் பாலாடையைத் தொடக்கூடாது."

கூடத்துக்கு வந்தார். பெஞ்சில் கன்னையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் வீட்டிலிருந்து வந்த தூக்குவாளி, அதில் நீர்மோர். சுருளியம்மாள் நடுவில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

பெரியகருப்பன் நேராக நடந்துபோய் தூக்குவாளியை எடுத்தார். கன்னையன் கையை நீட்டித் தடுக்கக்கூட மறந்துபோனான். பெரியகருப்பன் எப்போதும் அண்ணாந்து, உதட்டில் படாமல் குடிப்பவர். ஆனால் இது அப்படிக் குடிக்கிற குடி இல்லை. பின்னால் யாரும், அவர் வாய் நனைந்ததா இல்லையா என்று வழக்குப் பேசக்கூடாது. வாளியின் விளிம்பை உதட்டில் வைத்து, எச்சில் பண்ணி, மீசை நனைய, கடைசிச் சொட்டுவரை குடித்தார். துண்டால் வாயைத் துடைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி நின்றார். மருந்துச் சீட்டோடு நின்றிருந்த இரண்டு மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சத்தியம் உடைஞ்சது" என்றார். "பண்ணினவன் நான், உடைச்சவனும் நான். உடைஞ்ச சத்தியத்தை இன்னொருத்தர் உடைக்க முடியாது. என்ன வர்றதா இருந்தாலும் இந்த வாய்க்கு வரட்டும். உள்ள இருக்குற வாய் இனிமே எதுலயும் நனையலாம்."

கன்னையன் வாயைத் திறந்தான், மூடினான். இத்தனை வருஷமாக இந்த நாளுக்காக அவன் சேர்த்துவைத்திருந்த பேச்சு நிறைய. ஒன்றும் வரவில்லை.

"மோர்ல உப்புப் பத்தல" என்று சொல்லிவிட்டுப் பெரியகருப்பன் உள்ளே போனார்.

டாக்டர் குழாயை உருவி எடுத்தார். குழந்தை தும்மியது. சந்திரவல்லி மடியில் வைத்துக்கொள்ள, நர்ஸ் பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சரித்தாள். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. குழந்தை முகத்தைச் சுளித்தது, யோசித்தது, பிறகு நாக்கை நீட்டித் தேடியது. பாலாடை காலியானது. தேடல் நிற்கவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல், அதுவரை யாரும் கேட்டிராத குரல், கிளம்பியது.

"இன்னும் கேக்குறானே" என்றார் பெரியகருப்பன்.

"கேப்பான். குழாயில போனா ருசி தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா கிண்ணத்துல இம்புட்டுத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு இப்பத்தான் தன் பிள்ளைக்குக் குடுத்திருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்சம் பொறுத்துக் கேட்டுப் பாக்கணும்."

"யாரு கேக்கணும்?"

"யாராச்சும் கேக்கலாம்."

குரல் ஓயவில்லை. நரம்பு தெரிகிற அந்த உடம்பிலிருந்து எப்படி அவ்வளவு பிடிவாதம் வருகிறது என்று பெரியகருப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். சுருளியம்மாளை அனுப்பலாம். நர்ஸை அனுப்பலாம். அப்படி அனுப்பினால் நாளைக்கும் அனுப்பவேண்டும், மறுநாளும் அனுப்பவேண்டும், பெஞ்சில் நடுவில் ஆள் உட்கார்ந்து சொல்லைச் சுமந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்குள் இந்தக் குரல் களைத்துப்போகும். களைத்தால் அன்றைய எடை இறங்கும்.

மறுபடி கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை கன்னையனின் எதிரே போய் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த முறையிலேயே கேட்டார்.

"ஏண்டா கன்னையா, எம் பேரனுக்குப் பாலு பத்தலைடா."

கன்னையன் எழுந்தான். "கேக்குறதையும் அதட்டித்தான் கேக்கணுமாண்ணே?"

"பின்ன எப்படிக் கேக்குறது?"

"இப்படியே கேளுங்க. பழகிப்போச்சு." அவன் அன்னக்கொடியின் அறைக் கதவருகே போய்க் குரல் கொடுத்தான். "ஆத்தா, மேலவீட்டு அண்ணன் கேக்குறாரு. அவரே கேக்குறாரு. இன்னுங் கொஞ்சம் பாரு."

"வெரசா பாக்கச் சொல்லு" என்றார் பெரியகருப்பன். "பிள்ளை அழுகுறான்."

"வெரசான்னா அது என்னண்ணே ஜீப்பா?"

"அன்னைக்குக் கீழ கொட்டின ஆளுகளுக்கு இப்ப ஊத்த மனசு வரலையோ."

"கிணறு வெட்டிக் குடிச்ச ஆளுகளுக்கு இப்ப அவசரமோ."

உள்ளேயிருந்து அன்னக்கொடியின் குரல் வந்தது, கொஞ்சம் சலிப்பாக. "பெரிய மாமா, மாமா, ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு அங்கிட்டுப் போய் உக்காருங்க. இப்படிச் சத்தம் போட்டா எனக்குப் பாலு எங்க இறங்கும்?"

இரண்டு பங்காளிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சுக்குப் போனார்கள். சுருளியம்மாள் நகர்ந்து இடம் கொடுக்க மறுத்துவிட்டதால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நெருக்கி உட்காரவேண்டியதாயிற்று. உள்ளே கிண்ணத்தில் பால் விழுகிற மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. அது நின்றுவிடக்கூடாதே என்று இருவரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.